எதை மாற்றுவது, எதை விடுவது: யாழ்ப்பாணத்துப் பழைய கேமிங் கணினி

2022 மார்ச் பிறக்கும்போது ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அதே ஆண்டு மே மாதம் 360 ரூபா. கணினிப் பாகங்கள் இலங்கையில் பெரும்பாலும் செய்யப்படுவதில்லை; டொலர் கொடுத்து இறக்குவதுதான். ஆகவே அந்த இரண்டு மாதங்களில் புதுக் கணினி வாங்கும் எண்ணம் பல வீடுகளில் அப்படியே கிடப்பில் போயிற்று. பிறகு டொலர் 300 ரூபா அளவில் நின்றது. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. 2025 பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்ளத் தொடங்கியதும் உலகம் முழுக்க ராம் விலை ஏறியது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததில், குடாநாட்டில் கேம் அடிக்கிற பொடியள் பலர் பத்து வருடம் கடந்த கணினிகளையே இன்னும் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் கேட்பது ஒரே கேள்வி. கையில் கொஞ்சக் காசு இருக்கிறது. எந்தப் பாகத்தை மாற்றலாம்? காணொளிகளில் கிடைக்கும் விடை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட்தான். அந்த விடையைச் சொல்பவர்கள் சீரான மின்சாரமும் குளிர்ந்த அறையும் இருக்கும் ஊர்களில் இருந்து சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வரிசை வேறு. இங்கே முதலில் பார்க்க வேண்டியவை சூடு, மின்சாரம், சேமிப்பு ஆகிய மூன்றும். அதற்குப் பிறகுதான் வேகம். வேகத்துக்குக் காசு போடும்போதும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டே போட வேண்டும்: இந்தப் பாகம் நாளைக்கு வேறொரு கணினிக்குக் கூட வருமா, அல்லது இந்தப் பெட்டியோடு சேர்ந்து சாகுமா?

முதலில் கணினியின் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளை நிறுவி, விளையாடும்போதே திரையின் மூலையில் எண்கள் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 வீதத்துக்கு மேலேயே நின்றால் அந்தக் கார்ட் தன்னால் ஆனதை எல்லாம் செய்கிறது, தடை அதுதான். கார்ட் 60 வீதத்தில் சும்மா நிற்க, ஆட்டம் மட்டும் விக்கி விக்கிப் போனால் குற்றம் பெரும்பாலும் ப்ரொசசரில். இன்னொரு சோதனையும் உண்டு. திரைத் தெளிவை 1080இலிருந்து 720க்கு இறக்கிப் பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் கார்ட் திணறிக்கொண்டிருந்தது என்று பொருள். கூடவே இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்துப் புதுக் கார்ட் வாங்கினாலும் அந்த விளையாட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வெலோரன்ட் போன்றவை ப்ரொசசரை அதிகம் கேட்பவை. பெரிய கதை விளையாட்டுகள் கார்டை அதிகம் கேட்பவை. எதை விளையாடுகிறோம் என்று தெரியாமல் எதை மாற்றுவது என்று முடிவெடுக்க முடியாது.

அதே மென்பொருள் வெப்பத்தையும் காட்டும். குடாநாட்டில் இந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டுக் கூரைக்கோ சீற்றுக்கோ கீழே இருக்கும் அறை பகலில் 33, 34 பாகையைத் தாண்டும். சோளகம் வீசும் காலத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் புழுதி வீட்டுக்குள் வந்து படியும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரையோரத்தில் உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். ப்ரொசசர் 100 பாகையை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். விளையாடுபவருக்கு அது "கணினி பழசாகிவிட்டது" என்று தெரியும். உண்மையில் ஏழெட்டு வருடம் முன்பு பூசிய வெப்பப் பசை காய்ந்து வெடித்திருக்கும். விசிறியின் அடியில் புழுதி கம்பளம்போல் படிந்திருக்கும். புதுப் பசை, ஒரு தூரிகை, காற்றூதி, கிராபிக்ஸ் கார்டையும் கழற்றித் துடைக்கும் பொறுமை, இவ்வளவும் எந்தப் பாகத்தின் விலையிலும் சிறு பங்குதான். பெட்டியின் முன்னால் ஒரு விசிறி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள இருந்தால் பாதி வேலை முடிந்தது. மதர்போட்டில் உள்ள காசு வடிவ பற்றரியையும் அப்போதே மாற்றிவிடலாம். நேரம் அடிக்கடி பிழைக்கும் பழைய கணினிகளின் நோய் அதுதான்.

அடுத்தது மின்சாரம். போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டுபட்டுக் கிடந்தது. சுன்னாகத்து டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த காலம் நீண்டது. பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வராத ஆண்டுகளில், சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இங்கே இருக்கிறது. போருக்குப் பிறகு கிளிநொச்சி வழியாக இணைப்பு மீண்டது. ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதில் முழு இலங்கையும் இருண்டது. இந்தப் பின்னணியில், கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளைதான் மற்ற எல்லாப் பாகத்தின் உயிரையும் காக்கிறது. அதையே நாம் ஆகக் குறைந்த விலைக்கு வாங்குகிறோம்.

கேசிங்குடன் இலவசமாக வரும் பவர் சப்ளையின் மேல் 500 வாட் என்று எழுதியிருக்கும். அதை நம்பக் கூடாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் வருவதே ப்ரொசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உண்மையில் கிடைக்கக்கூடிய வாட். சில பெட்டிகளில் அது 250கூட வராது. அப்படிப்பட்டதோடு 170 வாட் கேட்கும் ஆர்.டி.எக்ஸ் 3060ஐப் பொருத்தினால் ஆட்டத்தின் நடுவில் கணினி அணைந்து போகும். கெட்ட நேரமென்றால் போகும்போது மதர்போட்டையும் கொண்டு போகும். 80 பிளஸ் சான்று பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட் பவர் சப்ளை ஒன்று, அடுத்த கணினிக்கும் அதற்கடுத்த கணினிக்கும் கூட வரும். யூ.பி.எஸ் வாங்குவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 650 வி.ஏ என்று விற்கப்படுவது ஏறக்குறைய 350 வாட் மட்டுமே தாங்கும். அதுவும் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கப் போதுமான சில நிமிடங்களுக்கு. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடியின்போது ப்ளக்கை மட்டும் கழற்றினால் போதாது. ரவுட்டரில் இருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.

மூன்றாவது சேமிப்பு. ஹாட் டிஸ்க் சுழன்று தேடிப் படிக்கிறது, எஸ்.எஸ்.டியில் சுழல எதுவும் இல்லை. தொடர்ச்சியாகப் படிப்பதிலேயே பழைய ஹாட் டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட் அளவில் நிற்க, சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி 500ஐத் தாண்டும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளில் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. எஸ்.எஸ்.டி போட்டால் ஆட்டத்தின் வேகம் கூடாது; ஆனால் விண்டோஸ் எழும்பும் நேரம், வரைபடம் திறக்கும் நேரம், திறந்த உலக விளையாட்டுகளில் வரும் விக்கல் எல்லாம் குறையும். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் எஸ்.எஸ்.டியை ஆகக் குறைந்த தேவையாகவே கேட்டது. சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளை அதே கணினியில்தான் பாடமும் பார்க்கிறது என்பதால், வீட்டில் எல்லோருக்கும் பலன் தெரியும் மாற்றம் இது ஒன்றுதான். இதுவும் அடுத்த கணினிக்குக் கூட வரும்.

இனிக் கடினமான பகுதி. கணினி எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்தே மீதி எல்லாம் இருக்கிறது.

குடாநாட்டில் அதிகம் கண்ணில் படுவது, வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி எலைட்டெஸ்க் வகைப் பெட்டிகள். நான்காம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி டி.டி.ஆர்.3 ராம். மலிவு, உறுதி, சத்தம் குறைவு. ஆனால் கேமிங்குக்கு இவற்றில் ஒரு பூட்டு இருக்கிறது. ஒப்டிபிளெக்ஸ் 7020, 9020 டவர் பெட்டிகளின் பவர் சப்ளை 290 வாட். மதர்போட்டுக்குப் போகும் முனையும் வழக்கமான 24 ஊசி முனை இல்லை, அந்த நிறுவனத்தின் சொந்த எட்டு ஊசி முனை. கடையில் கிடைக்கும் பவர் சப்ளையை மாற்று முனை இல்லாமல் பொருத்த முடியாது. ஆகவே மதர்போட்டின் துளையிலிருந்தே கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்ட்தான் பாதுகாப்பு: 2016இன் ஜி.டி.எக்ஸ் 1050 டிஐ, அல்லது 2019இன் ஜி.டி.எக்ஸ் 1650இல் தனி மின்முனை கேட்காத வகை. ஒல்லிப் பெட்டி என்றால் அரை உயரக் கார்ட் தேட வேண்டும். வெலோரன்ட், ஜி.டி.ஏ 5, பழைய ஃபிஃபா, ஈ.ஏ கிரிக்கெட் 07 என்று விளையாடுபவருக்கு இது போதும், நன்றாகவே போதும்.

இந்தப் பெட்டிகளில் செய்யக் கூடாதது என்ன? ஐ5ஐக் கழற்றி ஐ7-4790 போடுவதும், 32 ஜிபி வரை டி.டி.ஆர்.3 வாங்கி நிரப்புவதும். இரண்டும் வேறெந்தப் புதுக் கணினிக்கும் வராது. எட்டு ஜிபி ஒரே துண்டாக இருந்தால், பாவித்த இன்னொரு எட்டு ஜிபித் துண்டை வாங்கிச் சோடியாகப் போடலாம். இரண்டு துண்டும் இணைந்து வேலை செய்யும்போது ப்ரொசசருக்குத் தரவு போகும் பாதை அகலமாகும், பலன் தெரியும். அத்தோடு நிறுத்த வேண்டும். எதையும் எறியாமல் திருத்தித் திருத்திப் பாவிக்கும் பழக்கம் தடைக்காலம் நமக்குக் கற்பித்தது. அதை நான் மதிக்கிறேன். கணினியில் மட்டும் அந்தப் பழக்கம் சிலவேளை காசைத் தின்னும். ஒரு பழைய மேடையை, அதாவது மதர்போட், ப்ரொசசர், ராம் சேர்ந்த தொகுதியை, ஆகக் கூடிய நிலைக்குக் கொண்டுபோகச் செலவழிக்கும் தொகை, பல நேரம் அடுத்த மேடையின் நுழைவு விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

அந்த மேடைக்கு வெளியிலிருந்தும் ஒரு கோடு கீறப்பட்டுவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. தனியாகப் பதிந்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் வரை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது பெரும்பாலும் இன்டெலின் எட்டாம் தலைமுறையும் ரைசன் 2000 வரிசையும் அவற்றுக்குப் பின்னால் வந்தவையும்தான். குறுக்கு வழியில் நிறுவலாம் என்பார்கள், நிறுவவும் முடியும். ஆனால் விண்டோஸ் 11இல் வெலோரன்ட் ஓட டி.பி.எம் 2.0, செக்கியுர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தாக வேண்டும். ஏமாற்றுக்காரரைத் தடுக்கும் மென்பொருள் அதைச் சோதிக்கும். லினக்ஸுக்கு மாறினால் பல தனியாள் விளையாட்டுகள் நன்றாக ஓடும், வெலோரன்ட் ஓடாது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவருக்கு நிலைமை இன்னும் இறுக்கம்: ஏ.வி.எக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி அந்தச் சில்லுகளில் இல்லை. அது இல்லாவிட்டால் சில புதிய விளையாட்டுகள் திறக்கவே மறுக்கும். அந்தக் கணினிகளுக்கு, அடுத்த கணினிக்கும் கூட வரும் எஸ்.எஸ்.டி, பவர் சப்ளை தவிர வேறு எதையும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இதற்கு நேர்மாறான இடத்தில் இருப்பவர்கள் ரைசன் ப்ரொசசர்களுக்கான ஏ.எம்.4 மதர்போட் வைத்திருப்பவர்கள். 2017இல் ரைசன் 5 1600உடன் பி350 போர்ட் வாங்கியவரும், அடுத்த வருடம் 2600உடன் பி450 வாங்கியவரும் அதே போர்ட்டில் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600ஐப் போடலாம். ராம் அதே ராம், பெட்டி அதே பெட்டி. டி.டி.ஆர்.5 விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் ஏற்கெனவே கையில் இருக்கும் 16 ஜிபி டி.டி.ஆர்.4 ஒரு சேமிப்புதான். கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டில் மாற்றம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ரைசன் 1600 வைத்திருந்தவருக்கு விண்டோஸ் 11 சிக்கலும் அத்தோடு தீரும். பெரிய உட்சேமிப்புள்ள 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இன்னும் வேகம்; ஆனால் இப்போது தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரே ஓர் ஆபத்து: ப்ரொசசரை மாற்ற முன் மதர்போட்டின் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும், அந்தச் சில நிமிடத்துக்குள் கரண்ட் போனால் மதர்போட் செத்துவிடலாம். யூ.பி.எஸ் இல்லாத வீட்டில் இதைச் செய்யாதீர்கள். கடையில் கொடுத்துச் செய்வியுங்கள். உங்கள் போர்ட் புதுச் சில்லை ஏற்குமா என்பதை அதைச் செய்த நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் முதலில் பார்த்துவிடுங்கள்.

எட்டாம், ஒன்பதாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில். ஐ5-8400, 9400எஃப் இன்னும் மோசமில்லை. அந்தப் போர்ட்டுக்கு ஏற்ற ஐ7, ஐ9 பாவித்த நிலையிலும் விலை இறங்காமல் இருப்பதால் அதைத் துரத்த வேண்டாம். இவர்களுக்கு மட்டுமே "கிராபிக்ஸ் கார்ட்தான்" என்ற பொது விடை அப்படியே பொருந்தும்.

எந்தக் கார்ட்? 2025 ஒக்டோபரோடு என்விடியா தன் 900, 1000 வரிசைக் கார்ட்களுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மேயில் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் ஒளிக்கதிர்க் கணிப்பு வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. ஆகவே ஜி.டி.எக்ஸ் 1060, ஆர்.எக்ஸ் 580 போன்றவற்றை இன்று பெருந்தொகை கொடுத்து வாங்குவது வீண். இந்த ஊர் நிலைமைக்கு எனக்குப் பிடித்தது ஆர்.எக்ஸ் 6600. 132 வாட், 8 ஜிபி, சூடு குறைவு. அதன் தம்பி ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டியை எடுக்க வேண்டாம். அது நான்கு பாதைகளில் மட்டுமே மதர்போட்டோடு பேசுகிறது, பழைய பி.சி.ஐ.இ 3.0 போர்ட்டில் வேகத்தை நன்றாக இழக்கும். இன்டெலின் ஆர்க் கார்ட்களும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய போர்ட்டில் தங்கள் வேகத்தைக் காட்டாது. ஆர்.டி.எக்ஸ் 3060இன் 12 ஜிபி நினைவகம் நல்லது, பவர் சப்ளை தாங்குமானால். ஆர்.டி.எக்ஸ் 4060 115 வாட்டில் அதைவிட வேகம்.

வாட் என்ற எண்ணை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் மின்பட்டியல். 300 வாட் இழுக்கும் கணினியில் நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு 36 அலகு. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அந்த 36 அலகு வீட்டை அடுத்த படிக்கு ஏற்றிவிடலாம். அம்மா, அப்பாவின் கையால் கட்டப்படும் காசு அது.

பாவித்த கார்ட் சந்தையில் கவனம் வேண்டும். 2022 செப்டெம்பர் 15 அன்று இதீரியம் நாணயம் கிராபிக்ஸ் கார்டால் தோண்டும் முறையைக் கைவிட்டது. உலகம் முழுக்க இரவு பகலாக ஓடிய கார்ட்கள் விற்பனைக்கு வந்தன. அவை எல்லாம் பழுதானவை என்று சொல்ல முடியாது. விசிறியும் வெப்பப் பட்டியும் தேய்ந்திருக்கும், சுத்தம் செய்தால் ஓடும். உண்மையான மோசடி வேறு. பழைய சில்லில் பொய்ப் பெயரை எழுதி 1050 டிஐ என்று விற்பது உண்டு. ஆர்.எக்ஸ் 580 2048எஸ்.பி என்ற பெயரில் வருவது, உள்ளே ஆர்.எக்ஸ் 570இன் அளவுள்ள சில்லு. ஜி.பி.யூ-இசட் என்ற சின்ன மென்பொருள் இவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

வெளியிலிருந்து எடுப்பிப்பவர்களும் உண்டு. கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வரும் மாமா ஒரு கார்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. காங்கேசன்துறை, நாகப்பட்டினம் கப்பலும் அவ்வப்போது ஓடுவதால் சென்னை ரிச்சி தெரு எட்டாத தூரமில்லை. விலை குறையலாம். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். கார்ட் ஆறாம் மாதம் செத்தால் திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் மிச்சம் பிடித்த காசைத் தின்றுவிடும். எஸ்.எஸ்.டி, ராம் போன்ற சுலபமாகப் பழுதாகாதவற்றை அங்கிருந்து எடுப்பிக்கலாம். கார்டையும் பவர் சப்ளையையும் யாழ்ப்பாணத்திலோ, இல்லாவிட்டால் கொழும்பு யூனிற்றி பிளாசாவிலோ, பற்றுச்சீட்டோடு வாங்குவதுதான் நல்லது.

மொனிட்டரை மறந்துவிடக் கூடாது. 1080 தெளிவில் சுமார் 21 இலட்சம் புள்ளிகள். 1440இல் 37 இலட்சம். பழைய கார்ட் வைத்திருப்பவர் பெரிய தெளிவுள்ள திரையை வாங்கினால் கார்டின் சுமையைத் தானே கூட்டிக்கொள்கிறார். 1080 தெளிவிலேயே 144 ஹேர்ட்ஸ் திரை, சுடும் விளையாட்டுக்காரருக்கு உண்மையான முன்னேற்றம். அதுவும் கணினி ஏற்கெனவே நொடிக்கு நூறு சட்டங்களுக்கு மேல் தருகிறது என்றால் மட்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. எந்தக் கணினியாக இருந்தாலும் துப்புரவு, வெப்பப் பசை, நம்பகமான பவர் சப்ளை, எஸ்.எஸ்.டி என்ற வரிசையில் தொடங்குங்கள். அலுவலகப் பெட்டியென்றால் பவர் சப்ளையை விட்டுவிட்டு 75 வாட் கார்டோடு நிறுத்துங்கள். ஏ.எம்.4 வைத்திருப்பவர் ப்ரொசசரையும், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் வைத்திருப்பவர் கார்டையும் மாற்றலாம். அதற்குக் கீழே உள்ளவர்கள் மிச்சக் காசை அடுத்த கணினிக்கு ஒதுக்கி வையுங்கள். எதை வாங்கப் போனாலும் வெறுங்கையோடு கடைக்குப் போகாதீர்கள்; கணினியையே தூக்கிக்கொண்டு போய், பாகத்தைப் பொருத்தி, நீங்கள் வழக்கமாக விளையாடும் ஆட்டத்தை அரை மணி நேரம் ஓடவிட்டு, எண்களைப் பார்த்தபின் காசைக் கொடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.